ஐந்தாம் எண் வீட்டுக்கு ஏன் அத்தனை நண்பர்கள்? வெஸ்ட்கேட் குடியிருப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு கட்டடத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ஐந்து வீடுகள், மேல்தளத்தில் ஐந்து வீடுகள். எல்லாக் கதவுகளும் முன்பக்கத் தாழ்வாரத்தைப் பார்த்தே திறக்கும். மேலே போக இரண்டு முனையிலும் ஒவ்வொரு படிக்கட்டு. ஒன்று கீழே முதலாம் எண் வீட்டு வாசலருகே இறங்குகிறது, இன்னொன்று ஐந்தாம் எண் வீட்டருகே. மேல்தளத்துக்காரர்களின் தபால் பெட்டிகள் எல்லாம் ஐந்தாம் எண் பக்கத்துப் படிக்கட்டின் அடியில் இருக்கின்றன.

இந்தக் கட்டடத்தில் யாருக்கு அதிக நண்பர்கள் இருப்பார்கள்? கலகலப்பாகப் பேசுகிறவர்களுக்கு, நல்ல மனசுக்காரர்களுக்கு, உதவி என்றால் ஓடி வருகிறவர்களுக்கு என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். 1950இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. குடியிருக்கிறவர்களின் குணம் என்ன, ஊர் என்ன என்று எதுவும் தெரிய வேண்டாம், கட்டடத்தின் வரைபடம் மட்டும் கையில் இருந்தாலே மேல்வீட்டுக்காரர்கள் கீழ்த்தளத்தில் யாரோடு அதிகம் நெருங்குவார்கள் என்று ஊகித்துவிடலாம் என்றது. ஒன்றாம் எண்ணோடும் ஐந்தாம் எண்ணோடும்.

கல்லூரிப் பாடத்தில் இந்த ஆய்வு ஒரே ஒரு பத்தியாகத்தான் வரும். 'அருகில் இருப்பவர்கள் நண்பர்களாகிறார்கள்' என்று ஒரு வரி, கூடவே சில சதவீதக் கணக்குகள், முடிந்தது. இது யாருக்குத் தெரியாது என்று தாண்டிப் போய்விடுவோம். நானும் அப்படித் தாண்டிப் போனவன்தான். ஆனால் விவரமாகப் படித்தால், நட்பைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் நாம் மனிதர்கள்மேல் சுமத்தும் பழிகளைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கிற ஆய்வு இது. அதனால்தான் முழுசாக எழுத நினைத்தேன்.

இடமும் ஆட்களும்

இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்ததும் லட்சக்கணக்கான அமெரிக்கப் படைவீரர்கள் ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்களின் கல்விச் செலவை ஏற்க 1944இலேயே அங்கே சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அதனால் பல்கலைக்கழகங்களுக்குப் புதுவிதமான மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். வயது கூடியவர்கள், கல்யாணம் ஆனவர்கள், சிலர் கைக்குழந்தையோடு. விடுதி அறை இவர்களுக்குப் போதாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், சார்ல்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இவர்களுக்காக இரண்டு குடியிருப்புகளை அமைத்தது.

முதலாவது வெஸ்ட்கேட். 1946இல் மக்கள் குடியேறிய இடம். 100 சிறிய தனி வீடுகள். புல்தரை முற்றம் ஒன்றைச் சுற்றி 'ப' வடிவில் சில வீடுகள், அதையடுத்து இன்னொரு முற்றம், அதைச் சுற்றிச் சில வீடுகள் என்று அமைப்பு. இரண்டாவது வெஸ்ட்கேட் வெஸ்ட். கடற்படை வீரர்கள் தங்கியிருந்த பழைய பாசறைகளைக் குடும்பங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டிய 17 கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் பத்து வீடுகள், ஆக 170. தொடக்கத்தில் நான் வரையச் சொன்னது இந்தக் கட்டடங்களில் ஒன்றைத்தான்.

இந்த நிகழ்வை அபூர்வமாக்குவது ஒரே விஷயம்: யாரும் தங்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. வீடு காலியாகக் காலியாக, காத்திருப்பவர்களுக்கு ஒதுக்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே முன்பின் தெரிந்தவர்கள் கிடையாது. சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரர்கள் நண்பர்களாக இருந்தால், நட்பினால் பக்கத்தில் வீடு பார்த்தார்களா அல்லது பக்கத்தில் இருந்ததால் நட்பானார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே பிரிக்க முடிந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஆட்கள் கதவுகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஆய்வு செய்தவர்கள் மூவர்: லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக். மூவருமே அப்போது முப்பதைத் தொடாதவர்கள். இவர்களைச் சேர்த்துவைத்தது எம்.ஐ.டி.யில் 1945இல் தொடங்கிய குழு இயக்க ஆய்வு மையம். அதை நிறுவிய கர்ட் லெவின், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத உளவியலாளர். ஒருவனுடைய நடத்தை அவனுடைய குணத்தில் இருந்து மட்டும் வருவதில்லை, அவனைச் சூழ்ந்திருக்கும் சூழலும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. 1947 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். மையம் அடுத்த ஆண்டு மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. வெஸ்ட்கேட் ஆய்வைப் படிக்கும்போது லெவினின் கொள்கை ஒவ்வொரு பக்கத்திலும் உயிரோடு இருப்பது தெரியும்.

ஆய்வாளர்கள் முதலில் நட்பைத் தேடிப் போகவில்லை. குடியிருப்பு எப்படி இருக்கிறது, மக்களுக்குத் திருப்தியா என்று கேட்கத்தான் போனார்கள். வீடுகள் அவசர அவசரமாகக் கட்டியவை, குறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் குடியிருந்தவர்கள் மொத்தத்தில் சந்தோஷமாகவே இருந்தார்கள். காரணம் கேட்டால், அக்கம்பக்கம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அக்கம்பக்கம் என்பது எப்படி உருவாகிறது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

ஒரு கேள்வி, நான்கு எண்கள்

அவர்கள் கேட்ட கேள்வி மிக எளிமையானது. இந்தக் குடியிருப்பில் நீங்கள் அதிகமாகப் பழகும் மூன்று பேர் யார்? அவ்வளவுதான். பதிலில் வந்த பெயர்களை வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள்.

வெஸ்ட்கேட் வெஸ்டில் ஒருவருடைய கட்டடத்தில் அவரைத் தவிர இருப்பது ஒன்பது வீடுகள். மொத்தத்தில் அது ஐந்து, ஆறு சதவீதம்தான். ஆனால் சொன்ன பெயர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அதே கட்டடத்துக்காரர்கள். சரி, ஒரே கட்டடம் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நினைக்கலாம். கட்டடத்துக்குள்ளே போனால்தான் திகைப்பு. ஒரே தளத்தில், அடுத்த வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்த இடங்களில் 41 சதவீதம் தேர்வு நடந்திருந்தது. ஒரு வீடு தள்ளி இருந்தால் அது 22 சதவீதம். இரண்டு வீடு தள்ளி என்றால் 16. தாழ்வாரத்தின் இரு கோடியிலும் இருந்தவர்களுக்கு 10.

இதில் அடிக்கணக்கைப் பாருங்கள். அடுத்தடுத்த கதவுகளுக்கு இடையே சுமார் 19 அடி. ஒரு கோடியிலிருந்து மறு கோடி 90 அடிக்குள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அரை நிமிடத்தில் நடந்துவிடும் தூரம். பேருந்து பிடிக்க வேண்டாம், செருப்புகூட மாட்ட வேண்டாம். ஆனாலும் அந்த எழுபது அடி வித்தியாசம் நட்பின் வாய்ப்பை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது.

தளம் மாறினால் இன்னும் குறைந்தது. தலைக்கு நேர் மேலே குடியிருப்பவர், தள்ளியிருக்கும் அடுத்த வாசல்காரரைவிட அந்நியமாக இருந்தார். இதற்கு விதிவிலக்காக நின்றவர்கள்தான் கீழ்த்தளத்தின் ஒன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும். படியிறங்குகிறவர்கள் எல்லோரும் இவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். ஐந்தாம் எண் வீட்டுக்குத் தபால் பெட்டிகளும் துணை. தினமும் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க மேல்தளத்துக்காரர்கள் இறங்கி வருவார்கள், ஐந்தாம் எண்காரர் கதவைத் திறந்து வெளியே வருவார், ஒரு தலையசைப்பு, 'குளிர் தாங்கலையே' என்று ஒரு வார்த்தை. நடுவில் இருந்த மூன்று வீடுகளுக்கு மேல்தளத்திலிருந்து இத்தனை நண்பர்கள் கிடைக்கவில்லை.

அடிக்கணக்குத் தூரம் வேறு, நடமாட்டத்தினால் உண்டாகும் தூரம் வேறு என்று ஆய்வாளர்கள் பிரித்தார்கள். இரண்டாவதைப் புழக்கத் தூரம் என்று நாம் சொல்லலாம். இரண்டு வீடுகளுக்குப் பின்சுவர் ஒன்றே என்றாலும், கதவுகள் இரண்டு வெவ்வேறு தெருக்களில் திறந்தால் புழக்கத் தூரத்தில் அவை அடுத்த ஊர். இந்த ஆய்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். பாடநூல்கள் 41 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன.

தெருவைப் பார்த்த வீடுகள்

வெஸ்ட்கேட்டின் தனி வீடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முற்றத்தைச் சுற்றிய வீடுகளில் பெரும்பாலானவை முற்றத்தைப் பார்த்து நின்றன. ஆனால் 'ப' வடிவின் இரு முனைகளிலும் இருந்த சில வீடுகளைத் தெருவைப் பார்த்துத் திருப்பிவிட்டிருந்தார்கள். தெருப்பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்று கட்டடம் வரைகிறவர்கள் செய்யும் சாதாரண வேலை. அந்த வீடுகளில் குடியேறியவர்களுக்கு மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவான நண்பர்களே அமைந்தார்கள்.

நினைத்துப் பாருங்கள். அவர்களும் அதே போரிலிருந்து திரும்பியவர்கள், அதே வகுப்புகளுக்குப் போகிறவர்கள், அதே வயது. வீடும் அதேதான். கதவு மட்டும் வேறு திசை. அந்த வீட்டுக்கு வந்த ஒரு இளம்பெண், கணவன் வகுப்புக்குப் போன பிறகு, 'இங்கே எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள், என்னிடம் மட்டும் யாரும் ஒட்டவில்லையே, என்னிடம் என்ன குறை' என்று யோசித்திருக்க மாட்டாளா? முற்றத்தைச் சுற்றி இருந்தவர்களும், 'அவர்கள் கொஞ்சம் ஒதுங்கியே இருக்கிறார்கள்' என்று பேசியிருக்க மாட்டார்களா?

நான் வளர்ந்தது எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீட்டில். தண்ணீர்க் குழாய் முதல் வீட்டு வாசலில். கோடி வீட்டுக்கு மட்டும் கதவு பின்சந்தைப் பார்த்திருந்தது, அவர்களுக்கென்று தனியாக ஓர் அடிபம்பும் அங்கே இருந்தது. அதனால் குழாயடிக்கு அவர்கள் வரவே வேண்டியதில்லை. அந்த வீட்டில் இருந்த அக்காவைப் பற்றிக் குழாயடியில் ஒரே பேச்சுதான்: "யாரோடயும் சேரமாட்டா, மனசுல பெரிய இவன்னு நெனப்பு." எனக்கும் அது உண்மை என்றே பட்டது. ஒருநாள் அதையே வீட்டில் திருப்பிச் சொன்னபோது அம்மா குழம்பைக் கிளறியபடியே சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "சேரமாட்டான்னு எப்படிடா சொல்றே? அவளுக்கு இந்தப் பக்கம் வர்றதுக்கு என்ன வேலை இருக்கு?" அம்மா உளவியல் படித்தவர் இல்லை. வெஸ்ட்கேட் ஆய்வின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நட்போடு கருத்தும் வந்து சேர்ந்தது

ஆய்வின் இரண்டாவது பாதியைப் பலரும் படிப்பதில்லை. வெஸ்ட்கேட்டில் குடியிருப்போர் சங்கம் ஒன்று உருவானது. அதை ஆதரிப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் கருத்துகள் முற்றம் முற்றமாகப் பிரிந்து கிடந்தன. ஒரு முற்றத்தில் பெரும்பாலோர் ஆதரவு, அடுத்த முற்றத்தில் பெரும்பாலோருக்கு அதில் ஈடுபாடு இல்லை. தங்களுக்குள் நெருக்கம் அதிகமாக இருந்த முற்றங்களில் மாற்றுக் கருத்துக்காரர்கள் குறைவு. தன் முற்றத்தின் போக்கோடு ஒத்துப்போகாதவருக்கு அங்கே நண்பர்களும் குறைவாக இருந்தார்கள்.

எந்த வீடு என்பது தற்செயல். அந்தத் தற்செயலிலிருந்து நட்பு, நட்பிலிருந்து கருத்து. 'என் சொந்தக் கருத்து' என்று நெஞ்சைத் தட்டிச் சொல்கிற எத்தனையோ விஷயங்களுக்கு வேர் ஒரு வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கலாம். மனிதர்கள் தங்கள் கருத்தை அருகிலிருப்பவர்களோடு ஒப்பிட்டே சரிபார்க்கிறார்கள் என்ற கோட்பாட்டை ஃபெஸ்டிங்கர் 1954இல் வெளியிட்டார். அதற்கான சிந்தனையின் தடம் இந்த முற்றங்களில் தெரிகிறது.

ஏன் இப்படி நடக்கிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் சோம்பல் என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவரோடு பழகச் செலவில்லை, நேரம் பிடிக்காது. அதுவும் உண்மைதான். ஆனால் 90 அடிக்குள் சோம்பல் இவ்வளவு வேலை செய்யாது.

நட்பு பெரும்பாலும் திட்டமிட்டு ஆரம்பிப்பதில்லை என்பதுதான் காரணத்தின் மையம். தாழ்வாரத்துக் கோடியில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் 'போய்ப் பார்க்கலாம்' என்று முடிவெடுத்துக் கிளம்ப வேண்டும். போனபின் 'சும்மா வந்தேன்' என்று சொல்ல வேண்டும், அறிமுகம் இல்லாதவரிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்க எந்த முடிவும் தேவையில்லை. துணி காயப்போடும்போது பார்க்கலாம், குப்பை கொட்டப் போகும்போது பார்க்கலாம். யாரும் யாரையும் தேடி வரவில்லை என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை.

பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் தனியாக ஒரு சக்தி இருக்கிறது. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ராபர்ட் ஸயாங்க் 1968இல் இதை நிறுவினார். அர்த்தம் தெரியாத சொற்களையும் சீன எழுத்துகள் போன்ற உருவங்களையும் அந்நியர்களின் முகப் படங்களையும் சிலருக்கு ஒரு முறை, சில முறை, 25 முறை என்று வெவ்வேறு அளவில் காட்டினார். அதிகம் பார்த்ததே அதிகம் பிடித்தது. பேசவில்லை, பழகவில்லை, எந்த நன்மையும் பெறவில்லை. வெறும் பார்வைதான்.

இதை வகுப்பறையில் சோதித்துப் பார்த்தவர்கள் ரிச்சர்ட் மோர்லாண்டும் ஸ்காட் பீச்சும். 1992இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், தோற்றத்தில் ஒத்த நான்கு பெண்கள் ஒரு பெரிய வகுப்புக்கு மாணவிகள் போலவே வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் வரவே இல்லை, மற்ற மூவரும் பருவம் முழுதும் 5, 10, 15 முறை வந்தார்கள். யாரிடமும் பேசக்கூடாது என்பது ஏற்பாடு. பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, இவர்களைத் தெரியும் என்று மாணவர்களால் சரியாகச் சொல்லக்கூட முடியவில்லை. ஆனால் அதிக முறை வந்தவரை அதிகமாகப் பிடித்திருந்தது.

இனிமேல் பழகித்தான் ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் மனதை முன்கூட்டியே இளக்குகிறது. ஜான் டார்லியும் எலன் பெர்ஷைடும் 1967இல் செய்த சோதனையில், இரண்டு முன்பின் தெரியாத பெண்களைப் பற்றி ஒரே அளவுக்குத் தெளிவில்லாத விவரங்களை மாணவிகளிடம் கொடுத்தார்கள். இவரோடு நீங்கள் மனம்விட்டுப் பேசப் போகிறீர்கள் என்று யாரைக் காட்டினார்களோ, அவரைப் பார்க்கும் முன்பே அவர்மேல் விருப்பம் கூடியிருந்தது. தினமும் முகத்தில் முழிக்க வேண்டியவரிடம் நல்லதைத் தேடிப் பார்க்கிறோம். நம் வீடுகளில் பார்த்துவைத்த கல்யாணங்களில் நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் இடையே ஒருவர்மேல் ஒருவருக்கு வளரும் பிரியத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காதலிலும் இதே கணக்கா?

வெஸ்ட்கேட்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே மணமானவர்கள், அதனால் காதலைப் பற்றி அங்கே கேட்க முடியாது. ஆனால் அதற்கு முன்பே, 1932இல், ஜேம்ஸ் பொஸார்ட் என்ற சமூகவியலாளர் பிலடெல்ஃபியா நகரில் 5,000 திருமணப் பதிவுகளை எடுத்து மணமக்களின் முகவரிகளைப் பார்த்திருந்தார். சுமார் மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் ஒருவருக்கொருவர் ஐந்து தெருத் தொகுதிகளுக்குள் குடியிருந்தவர்கள். தூரம் கூடக் கூட ஜோடிகள் குறைந்துகொண்டே போனார்கள். 'எனக்காகவே பிறந்தவர்' என்று ஒவ்வொருவரும் நம்பியிருப்பார்கள். அந்த ஒருவர் மூன்று தெரு தள்ளிப் பிறந்திருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

பெயரின் முதல் எழுத்துகூட இப்படி வேலை செய்யும். மேரிலாந்து மாநிலக் காவல் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர்களுக்குக் குடும்பப் பெயரின் அகர வரிசைப்படி வகுப்பில் இருக்கையும் விடுதியில் அறையும் ஒதுக்கினார்கள். நெருங்கிய நண்பர்கள் யார் என்று மேடி சீகல் கேட்டு 1974இல் வெளியிட்டபோது, பட்டியலில் அடுத்தடுத்த எழுத்துக்காரர்களே நண்பர்களாக இருந்தார்கள். மதம், வயது, பொழுதுபோக்கு எல்லாம் அதற்குப் பின்னால்தான். நம் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரோல் நம்பர் வரிசையில் லேப் பேட்ச், அதே வரிசையில் தேர்வு அறை, அதே வரிசையில் வைவாவுக்கு வெளியே காத்திருப்பு. என் உயிர் நண்பன் பெயர் என் பெயருக்கு அடுத்த பெயர். அவன் வேறொரு எழுத்தில் பிறந்திருந்தால் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

குறள் எழுப்பும் ஆட்சேபம்

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு குறள் நினைவுக்கு வந்தே தீரும்.

'புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான்
நட்பாம் கிழமை தரும்.'

இதற்குப் பரிமேலழகர் எழுதிய உரை வியப்பானது. புணர்ச்சி என்றால் ஒரே நாட்டில் இருத்தல் என்கிறார். பழகுதல் என்றால் பலமுறை கண்டும் பேசியும் கலத்தல். உணர்ச்சி என்றால் இருவருக்கும் உணர்வு ஒத்திருத்தல். நட்புக்கு இந்த மூன்றையும் காரணங்களாக அவர் காட்டுகிறார். அருகாமை, பழக்கம், ஒப்புமை! இருபதாம் நூற்றாண்டு உளவியல் ஒவ்வொன்றாகச் சோதித்து எடுத்த அதே மூன்றும் ஓர் உரையாசிரியரின் குறிப்பில் அருகருகே இருக்கின்றன. முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது மட்டுமே இருந்தாலும் போதும் என்பது குறளின் வாதம், அதற்குச் சான்று கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்.

வெஸ்ட்கேட் இதைப் பொய்யாக்கிவிட்டதா? இல்லை என்பதே என் முடிவு. வெஸ்ட்கேட்டில் மூன்றாவது காரணத்தைச் சோதிக்க வழியே இல்லை. எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே போர் அனுபவம், ஒரே வருமானம். ஒப்புமை எல்லோருக்கும் சமமாக இருந்ததால், மிச்சமிருந்த வித்தியாசம் கதவு மட்டும்தான். இந்த ஆய்வின் முக்கியமான வரம்பு இது. ஆட்கள் பலதரப்பட்டவர்களாக இருந்திருந்தால் 41 சதவீதம் அப்படியே நின்றிருக்காது.

அந்த மூன்றாவது காரணத்தைத் தேடியவர் தியடோர் நியூகோம். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 1954இலும் 1955இலும், ஒவ்வொரு முறையும் ஒருவரையொருவர் அறியாத 17 மாணவர்களை ஒரே வீட்டில் வாடகையில்லாமல் குடிவைத்தார். வருவதற்கு முன்பே அவர்களுடைய மனப்போக்குகளை அளந்து வைத்திருந்தார். வாரங்கள் போகப் போக, வந்தபோதே கருத்து ஒத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டு நெருங்கினார்கள். அதாவது உணர்ச்சிதான் நட்பின் உரிமையை, குறளின் 'கிழமை'யை, தருகிறது, ஆனால் அதைக் கண்டுகொள்ள ஒரே கூரைக்கு அடியில் நாட்கள் தேவைப்பட்டன.

அருகாமை அன்பை மட்டுமே வளர்க்கும் என்று நினைத்தாலும் தவறு. கலிஃபோர்னியாவில் ஒரு குடியிருப்பில் எப்பெசனும் அவர் சக ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்தவர்கள் யார் என்பதோடு பிடிக்காதவர்கள் யார் என்றும் கேட்டார்கள். பிடித்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். பிடிக்காதவர்கள் அதைவிடப் பக்கத்தில் இருந்தார்கள். சத்தம், செல்லப் பிராணி, வண்டி நிறுத்தும் இடம் என்று வெறுப்புக்கான காரணங்கள் எல்லாமே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவை. நட்பு வாசலில் நடக்கும் சந்திப்பில் பிறக்கிறது, பகை வாழும் இடத்தைக் கெடுப்பதில் பிறக்கிறது. இரண்டுக்கும் அருகாமை வேண்டும்.

வரைபடம் யார் கையில்?

இதுவரை சொன்னது ஒத்தவர்களின் நட்பு. ஒவ்வாதவர்கள் என்று சமூகம் முத்திரை குத்தியவர்களின் கதை இன்னும் முக்கியம். 1951இல் மார்ட்டன் டாய்ச்சும் மேரி காலின்ஸும் அரசுக் குடியிருப்புகளை ஒப்பிட்டார்கள். நியூயார்க்கில் வெள்ளையர், கறுப்பர் என்று பாராமல் வீடு ஒதுக்கிய குடியிருப்புகள் ஒருபுறம். நியூவார்க்கில் இரு தரப்பினரும் இருந்தும் தனித்தனிக் கட்டடங்களில் பிரித்து வைத்த குடியிருப்புகள் மறுபுறம். கலந்து குடியிருந்த வெள்ளையினக் குடும்பப் பெண்களுக்குக் கறுப்பின அண்டைவீட்டாரோடு நட்பும் மதிப்பும் மிக அதிகமாக இருந்தன. பிரித்து வைத்த இடங்களில் ஒரே குடியிருப்பின் பெயரில் வாழ்ந்தும் அது உருவாகவில்லை.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் டைக்மன் குடியிருப்பில் லூசில் நஹேமோவும் பவல் லாட்டனும் 1975இல் கண்டதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அங்கே முதலில் சொன்ன நண்பர்களில் 88 சதவீதம் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். வயதோ இனமோ வேறாக இருந்த நண்பர்கள் பெரும்பாலும் மிக அருகில் குடியிருந்தவர்கள். தன்னைப் போன்றவரைத் தேடி மனிதர்கள் தூரம் போவார்கள். தன்னைப் போல் இல்லாதவரோடு நட்பாக வேண்டுமென்றால் அவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்ட நம் கிராமங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் மனம் கனக்கிறது. தனி வழி, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு. படிக்கட்டும் தபால் பெட்டியும் வெஸ்ட்கேட்டில் தற்செயலாகச் செய்ததைத் தலைகீழாக, தெரிந்தே, பரம்பரை பரம்பரையாகச் செய்திருக்கிறார்கள். புழக்கமே நடக்கக்கூடாது என்று வரைந்த வரைபடம் அது. தமிழ்நாட்டில் 1990களின் இறுதியில் தொடங்கிய சமத்துவபுரம் திட்டம் இந்த வரைபடத்தில் கை வைத்த முயற்சி. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வெஸ்ட்கேட்டிலும் வீடுகள் 100 என்பது தற்செயல்தான். ஆனால் ஒரு சமத்துவபுரத்துக்குள் போனால் நான் முதலில் எண்ணுவது வீடுகளை அல்ல. குழாய் எங்கே இருக்கிறது, ரேஷன் கடைக்கு எந்த வழியாகப் போகிறார்கள், சாயங்காலம் எந்தத் திண்ணையில் உட்காருகிறார்கள், கோடி வீடுகளின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

பிசிராந்தையாருக்குத் திரும்புகிறேன். பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரில் ஒருவர், சோழ நாட்டில் மன்னன் ஒருவன். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அருகாமையும் பழக்கமும் இல்லாமலேயே நட்பு உண்டு என்பதற்குத் தமிழ் மரபு காட்டும் ஒரே பெரிய சான்று இவர்கள்தான். அரசைத் துறந்து, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் வருவாரா என்று சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டபோது பாடியது புறநானூற்றின் 216ஆம் பாட்டு. இப்போதே வருவான் என்கிறான். அடுத்து அவன் சொல்வது 'ஒழிக்க அவற்கு இடமே': அவனுக்கும் இங்கே ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.